அலமாரிக் கதவுகளுக்குக் கண்ணாடி இல்லாத கதை

நூலகத்துப் பட அறையில் வேலைக்கு வந்து சேர்ந்த அன்றே நீங்கள் இருவரும் கேட்டுவிட்டீர்கள்: "இவ்ளோ அழகான தேக்கு அலமாரி, கதவுக்கு மட்டும் கோழிக்கூண்டு மாதிரி கம்பிவலை அடிச்சு வச்சிருக்கீங்களே, ஏன் சார்?" அன்று சிரித்துச் சமாளித்தேன். வரும் வாரம் எனக்குக் காரைக்காலுக்கு மாற்றல். சொல்லாமல் போனால் நீங்களாகவே ஏதாவது காரணம் கண்டுபிடித்துக்கொள்வீர்கள். அதனால் எழுதிவைக்கிறேன்.

விடைபெறுகிறவர் நாலு வார்த்தை எழுதிவைத்துவிட்டுப் போவது நம் நூலகத்து வழக்கம். முன்னால் எழுதியவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்ற பெரியவர்கள், நிதானமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை, நிதானமும் கிடையாது. புத்தகப் பூச்சிக்கு என்ன மருந்து, படங்களை எந்த உறையில் போடுவது என்பதெல்லாம் மதாம் சொல்லித்தருவார். நம் தலைமை நூலகரை நீங்களும் இப்போது மதாம் என்றே கூப்பிடப் பழகியிருப்பீர்கள். அவர் யோசிக்கும்போது பிரெஞ்சில் "அலோர்...", அதாவது 'அப்படியானால்', என்று ஒரு இழுப்பு இழுப்பார். அந்த இழுப்பு முடியும்வரை குறுக்கே பேசாதீர்கள். இந்த வேலையில் நான் முதலில் கற்றுக்கொண்டது அதுதான்.

நூலகத்தின் வரலாறு உங்களுக்குத் தெரிந்ததுதான். எவனோ ஒரு பிரெஞ்சு அதிகாரி ஊருக்குப் போகும்போது விட்டுப்போன செப்புத்தகட்டு ஓவியங்களில் தொடங்கியது. பிறகு ஒரு நீதிபதியின் சிற்பப் புத்தகங்கள் வந்தன, ஒரு பாதிரியாரின் கோபுர வரைபடங்கள் வந்தன. வாசல் பலகையில் 'தேசியக் கலை நூலகம்' என்று இருக்கிறது. கொடி மாறிய பிறகு, எந்தத் தேசம் என்று யாராவது கேட்டால் எங்களுக்கே பதில் தெரியாது. பிரெஞ்சுக் கொடி இறங்கியிருந்தது, இந்தியாவோடு ஒப்பந்தக் கையெழுத்து இன்னும் ஆகியிருக்கவில்லை. இரண்டு பக்கத்து அதிகாரிகளும் வந்து நாற்காலி மேஜையைக்கூட எண்ணிக்கொண்டு போவார்கள். அந்த இரண்டும்கெட்டான் வருஷங்களில் நடந்ததுதான் இது.

ஒரு நாள் பாகூர் கொம்யூன் ஊராட்சி அலுவலகத்திலிருந்து வந்த குமாஸ்தா ஒருவர் படிக்கும் அறையில் உட்கார்ந்து கதையளந்துகொண்டிருந்தார். பாகூரில் ஒரு வீட்டுச் சாமி படத்தில் செத்துப்போன தாத்தா தெரிகிறாராம். ஊரே போய்ப் பார்க்கிறதாம். நான் சிரித்தேன். மதாம் சிரிக்கவில்லை. "அலோர்..." என்று இழுத்துவிட்டு, "காலையில முதல் பஸ்ஸுல போ" என்றார்.

போனேன். ஏரிக்கரைக்குக் கீழே கரும்பும் நெல்லும் வைத்திருக்கும் குடும்பம். வீட்டுக்கார அம்மாள் பெயர் அலமேலு. கூடத்துச் சுவரில் லட்சுமி படம், சாதாரண அச்சுப் படந்தான், சட்டம் போட்டு மாட்டியிருந்தது. உற்றுப் பார்த்தேன். லட்சுமி இருந்தாள், தாமரை இருந்தது, யானை இருந்தது. தாத்தா இல்லை.

"இப்ப பாத்தா எப்படித் தெரியும்? எங்க மாமனாரு சாயங்காலந்தான் வருவாரு" என்றார் அலமேலம்மாள். "மேற்கால வாசல்ல வெயிலு சாஞ்சு உள்ள வரணும். ஒக்காரு தம்பி, சோறு தின்னுட்டு இரு."

பின்கட்டில் மீன்காரப் பெண் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். மூர்த்திக்குப்பத்திலிருந்து தினமும் நடந்துவருகிறவள், பெயர் செங்கேணி. உள்ளே பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது.

"பெரிய வூட்டுக்காரங்க செத்தாலும் வேலைய விடறதில்ல சார். தெனம் சாயங்காலம் டூட்டிக்கு வந்துடறாரு."

"வாய மூடிக்கினு மீனை எடு. நீ பாத்திருக்கியாடி அவர?" என்றார் அலமேலம்மாள்.

"நானு காலையில வரவ. அவுரு சாயங்காலம் வரவரு. எங்க ரெண்டு பேருக்கும் ஷிப்ட் ஒத்துவரல" என்று சொல்லிக்கொண்டே வாளை மீனைத் தராசில் போட்டாள். அலமேலம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டார். இது அவர்களுக்குள் தினசரி நடக்கும் சண்டை என்று புரிந்தது.

சாயங்காலம் வெயில் வாசற்படி தாண்டி உள்ளே வந்தது. சுவரில் ஏறியது. படத்தின் கண்ணாடியைத் தொட்டதும் லட்சுமியின் தோளுக்குப் பின்னால், கருநீல வானத்தில், ஒரு ஆண் முகம். தலைப்பாகை, மீசை, இடது புருவத்தில் ஒரு வெட்டு. நேராக நம்மையே பார்த்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. படித்தவன், இதெல்லாம் நம்பாதவன் என்று பேர் எனக்கு.

அலமேலம்மாள் விளக்கேற்றினார். "எங்க அத்தைதான் மொதல்ல கண்டாங்க. போன வருசம் சாவற வரைக்கும் சாயங்காலமானா பாயைத் தூக்கிக்கினு இங்கதான். பேசிக்கினே இருப்பாங்க அவர்கூட."

நான் கிட்டப் போய்க் கண்ணாடியைப் பக்கவாட்டில் பார்த்தேன். அப்போது புரிந்துவிட்டது. அது போட்டோ எடுக்கிற கண்ணாடித் தகடு. படத்தைக் கழுவி எடுத்துவிட்டுச் சட்டத்துக்கு வெறுங்கண்ணாடியாகப் போட்டிருக்கிறார்கள். கழுவியும் போகாமல், படம் பதிந்த வெள்ளிப் பூச்சு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் இருட்டு நிறம் இருந்து, வெளிச்சம் சாய்வாக விழுந்தால், அது முகமாகத் தெரியும்.

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். "இந்தப் படம் எங்க வாங்கினதும்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"மாசி மகத்துல கடை போட்டிருந்தாரு. வில்லியனூரு தேரடிப் பிரேம் கடைக்காரரு."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கொடி மாறிய சமயத்தில் நம் ஊரில் ஒரு புகைப்படக்காரர் கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு பிரான்சுக்குக் கப்பலேறினார். இந்தக் கொம்யூன்கள் பூராவும் வண்டி கட்டிக்கொண்டு சுற்றி, வாழ்நாளெல்லாம் படம் எடுத்தவர். அவருடைய தகடுகள் எங்கே போயின என்று மதாம் விசாரிக்காத ஆள் இல்லை. கப்பலில் போய்விட்டதாகச் சிலர் சொன்னார்கள், கிணற்றில் போட்டதாகச் சிலர். நான் பாகூரிலேயே யார் வீட்டிலோ ராத்தங்கி, காலையில் வில்லியனூருக்கு ஓடினேன்.

பிரேம் கடைக்காரர் கோவிந்தசாமி கடைக்குப் பின்னால் அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. சலவை சோடா வாசனை. அண்டாவுக்குள் தகடுகள் அடுக்கி ஊறிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்தேன். புதுமணத் தம்பதி. மாலையும் கழுத்துமாக நிற்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணின் முகம் கண்ணாடியிலிருந்து வழுக்கி, பாலாடை மாதிரிச் சுருங்கித் தண்ணீரில் விழுந்தது. என் கையில் நல்ல சுத்தமான கண்ணாடி மிஞ்சியது.

"இன்னா தம்பி, கைய சுட்டுக்கப்போற. டவுனா நீ?" என்றார் கோவிந்தசாமி.

நான் மூச்சுவிடாமல் பேசினேன். நூலகம், வரலாறு, கலை, வருங்காலச் சந்ததி என்று அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். புகைப்படக்காரர் குடியிருந்த வீட்டுக்காரரிடம் முறைப்படி வாங்கியதாம். மாசி மகம் வருகிறது. மெட்ராசிலிருந்து லாரியில் வந்த கண்ணாடி பாதி தூள். கடற்கரையில் கடை போடுவதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது, சாமி படங்கள் அச்சாகி வந்துவிட்டன, கண்ணாடிதான் இல்லை.

"எல்லாத்தையும் கழுவிட்டீங்களாண்ணே?"

அவர் காதைப் பொத்திக்கொண்டார். "இன்னா கேள்வி இது. சாமி இருக்கறதயெல்லாம் தனியா வச்சிருக்கேன். சாமிய சோடாத் தண்ணியில ஊறவைப்பாங்களா? மனுசங்களத்தான் கழுவறேன்."

உள் அறையில் காட்டினார். மஞ்சள் துணி போட்டு மூடிய பெட்டிகள், மேலே கற்பூரத் தட்டு. கோயில் கோயிலாக, சிற்பம் சிற்பமாக, உற்சவர் உற்சவராக எடுத்த தகடுகள், ஒன்றுகூட உடையாமல். "வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டறேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு, எச்சில் கையோட யாராச்சும் தொட்டா பாவம் யாருக்கு? நீ நல்ல எடத்துக்கு இட்டுக்கினு போறன்னா கொண்டுபோயிடு. ஒண்ணும் தரவாணாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கலை நூலகத்துக்கு வேறென்ன வேண்டும்? வெளிநாட்டு அறிஞர்கள் தேடி வருவதெல்லாம் சிற்பத்தைத்தானே. மாட்டுவண்டி பிடித்து வைக்கோல் பரப்பி ஏற்றினேன். ஏற்றும்போதே, கழுவக் காத்திருந்த மனுசர்களின் பெட்டிகள் வரிசையாக அண்டாவுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தேன். அதையும் கேட்டேன்.

"அதக் குடுத்துட்டு நான் எத வச்சு சட்டம் போடறது? கண்ணாடிக்குக் கண்ணாடி குடு, எடுத்துக்கினு போ. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அடுப்பு மூட்டமாட்டேன். அதுக்கு மேல என் கையில இல்ல தம்பி."

நூலகத்தில் சாமிகளை இறக்கியதும் எல்லாரும் கூடிவிட்டார்கள். நான் வெற்றிவீரன் மாதிரி நின்றேன். மதாம் ஒவ்வொரு தகட்டையும் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, "மத்தது?" என்றார். சொன்னேன். "அது வெறும் ஆளுங்க மதாம். கல்யாணம், காதுகுத்து, கடற்கரை, களத்துமேடு. கலைன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. கண்ணாடிக்கும் வழி இல்ல. டவுன்ல எந்தக் கடையிலயும் கிடையாது."

"சாமிங்களுக்குக் கோயில் இருக்கு" என்றார் மதாம். "இவங்களுக்கு அந்தப் பெட்டிய விட்டா வேற எடம் எங்க இருக்கு?"

பிறகு "அலோர்..." என்று ஒரு நீண்ட இழுப்பு. அவர் கண் அறையைச் சுற்றி வந்தது. கப்பலில் வந்த கண்ணாடி, ஓரம் சாய்த்து மெருகேற்றியது. பளபளவென்று வரிசையாக அலமாரிக் கதவுகள்.

"மதாம், அடுத்த மாசம் சரக்கு எண்ண வராங்க. அலமாரிக் கண்ணாடி அரசாங்கச் சொத்து. எந்த அரசாங்கம்னு தெரியாட்டியும் சொத்து சொத்துதான். புத்தகமெல்லாம் தூசி அடையும்."

"தூசியத் துடைச்சிக்கலாம்" என்று சொல்லி என் கையில் திருப்புளியைக் கொடுத்தார்.

அன்று பொழுது சாயும்வரை நாங்கள் எல்லாரும் கதவு கதவாகக் கண்ணாடி கழற்றினோம். நான் முணுமுணுத்துக்கொண்டேதான் கழற்றினேன். மறுநாள் காலை வண்டி வில்லியனூர் போனபோது கோவிந்தசாமி கண்ணாடியைச் சுண்டிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இத்த அறுத்தா மூணு வருசத்துக்குப் பிரேம் போடலாமே. ஏன் தம்பி, உங்களுக்கு ஏதாச்சும் கோளாறா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். மனுசர்களின் பெட்டிகளைத் தானே தூக்கிவந்து ஏற்றினார். கடைசியாக அடுப்பிலிருந்த அண்டாவைக் கவிழ்த்துத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றினார்.

ஆனால் வருஷக்கணக்காகக் கழுவியாகிவிட்டதே. மீந்தது கொஞ்சந்தான். இன்று நம் பட அறைக்கு வரும் ஆராய்ச்சியாளர்கள், "இந்தப் புகைப்படக்காரர் தெய்வங்களிலேயே தோய்ந்தவர், மனிதர்கள் மேல் நாட்டமில்லாதவர்" என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். அவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள், கோவிந்தசாமியைப் பற்றிச் சொல்லுங்கள். ஒரு சேகரிப்பைப் பார்த்ததும் சேகரித்தவர் மனசு இதுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நடுவில் பக்தியுள்ள ஒரு பிரேம் கடைக்காரர் இருந்திருக்கலாம்.

எண்ண வந்த அதிகாரி கேட்டார்: "அலமாரிக் கண்ணாடி எங்கே?" மதாம் அவரைக் கூட்டிப்போய்த் தகடுகளைக் காட்டினார். "கொடுத்தது கண்ணாடி, வாங்கினது கண்ணாடி." அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, கையிலிருந்த தகட்டில் ஏரிக்கரையில் கொக்குகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்காலி கொண்டுவந்து போட்டேன். சாயங்காலம் போகும்போது கண்ணாடியைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை. கம்பிவலை வாங்க ஒப்புதல் மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

மீந்த தகடுகளிலிருந்து காகிதத்தில் படம் போட்டோம். யார் யார் என்று எங்களுக்குத் தெரியாது. ஊரையே கேட்கலாம் என்று பாகூர் கொம்யூன் கூடத்தில் கயிறு கட்டித் துணி உலர்த்துவது போலத் தொங்கவிட்டேன். கூட்டம் நெரிந்தது. "இது எங்க சின்னாயி டா, மூக்கப் பாரு" என்று ஒருவர், "ஒங்க சின்னாயி இவ்ளோ செவப்பா?" என்று இன்னொருவர். நான் ஓடியாடிப் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன்.

செங்கேணி கூடையோடு வந்தாள். மீன் நாற்றம் உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவளாகவே வாசலில் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தாள். கேலி பண்ணத்தான் வாயைத் திறந்திருப்பாள். ஆனால் கூடையைப் படியில் வைத்துவிட்டு நேராக ஒரு படத்தின் முன்னால் போய் நின்றாள். கட்டுமரத்தில் கையூன்றி நிற்கும் ஒரு ஆள், பக்கத்தில் நாலைந்து பேர்.

"எங்க நாய்னா" என்றாள். "இது எங்க பெரிப்பா, இது மாமா, இது எங்க நாய்னாதான். நானு இடுப்புல இருக்க சொல்லோ கடலுக்குப் போனவரு. வரல. அந்தப் புருவத்து வெட்ட எங்கம்மா சொல்லிக்கினே இருக்கும்."

புருவம். நான் அப்போதுதான் பார்த்தேன். தலைப்பாகை, மீசை, இடது புருவத்தில் வெட்டு. கூட்டமாக எடுத்த அன்றே அந்த ஆளைத் தனியாகவும் ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். அந்தத் தகடு இப்போது அலமேலம்மாள் வீட்டுக் கூடத்தில் மாமனாராக இருக்கிறது.

என் சுபாவம் உங்களுக்குத் தெரியும், தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். இவளிடம் சொன்னால் இவள் நேரே அந்த வீட்டுக்கு ஓடுவாள். அங்கே ஒரு கிழவி சாகும்வரை அந்த முகத்தோடு பேசியிருக்கிறாள். பின்கட்டோடு நிற்கிற மீன்காரியின் அப்பாவை இத்தனை நாளும் கூடத்தில் விளக்கேற்றிக் கும்பிட்டார்கள் என்று ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால், இவள் தினமும் அந்த முகத்துக்குப் பின்னால் மீன் நிறுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். படத்தின் ஒரு பிரதியைச் செங்கேணி கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, நான் முதலில் அலமேலம்மாள் வீட்டுக்குப் போனேன். போகும் முன் நூலகத்துக்குத் திரும்பி, வில்லியனூருக்குப் போகாமல் மிச்சமிருந்த ஒரே ஒரு அலமாரிக் கண்ணாடியை லட்சுமி படத்தின் அளவுக்கு அறுத்து எடுத்துக்கொண்டேன். அந்தம்மாள் கோபத்தில் தகட்டைக் கழற்றிக்கொள் என்றால் மாற்றிப்போட வேண்டுமே.

அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப எங்க மாமனாரு இல்லன்ற."

"இல்லம்மா."

"எங்க அத்தைக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்றார். முறத்தை எடுத்து மறுபடி புடைக்க ஆரம்பித்தார். உமி பறந்தது. நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"காலையில வரவளுக்கு அந்த மொகம் தெரியாதே" என்றார். "நாளைக்கு சாயங்காலம் வரச்சொல்லு அவள."

செங்கேணி குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டு, கூடை இல்லாமல் வந்தாள். பழக்க தோஷத்தில் பின்கட்டுப் பக்கம் திரும்பினாள். பிறகு முன்வாசலுக்கு வந்து படிக்குக் கீழேயே நின்றாள்.

"இன்னாடி அங்கயே நிக்கிற? வெளிச்சம் போயிடும், உள்ள வா" என்றார் அலமேலம்மாள்.

மூவரும் கூடத்தில் நின்றோம். வெயில் சுவரில் ஏறியது. முகம் வந்தது. செங்கேணி அழவில்லை. முந்தானையை இழுத்துச் சரிசெய்து, காதோரம் பறந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள், யாரோ தன்னைப் பார்ப்பது போல.

"என்னவிட சின்னவரா இருக்காரும்மா" என்றாள்.

அலமேலம்மாள் விளக்கை ஏற்றி, அவள் கையில் கொடுத்தார். அவளே வைத்தாள்.

"எடுத்துக்கினு போறியாடி? இந்தத் தம்பி வேற கண்ணாடியோடதான் வந்திருக்கு."

செங்கேணி வாசலைத் திரும்பிப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "எங்க வூடு கடலப் பாத்தது. மேற்கால வாசல் இல்ல. கொண்டுபோனா அவுரு வரமாட்டாரு."

"அப்ப இருக்கட்டும். இத்தினி வருசமா இருந்தவரு, அவுருக்கும் இங்க பழகிப்போச்சு" என்றார் அலமேலம்மாள். பிறகு, "சாயங்காலமும் மீன் எடுத்தா கெட்டாபோவும், வந்துட்டுப் போடி" என்றார்.

"ஷிப்ட் மாத்தி வுட்டீங்களே" என்றாள் செங்கேணி.

நம் சேகரிப்பில் அந்தத் தகடும் உண்டு. பட்டியலில் 'இருக்கும் இடம்' என்ற கட்டத்தில் மதாம் தன் கையாலேயே எழுதியிருக்கிறார்: 'பாகூர், கூடத்துச் சுவர், சாயங்காலம் மட்டும்.' வருஷத்துக்கு ஒரு தடவை உங்களில் ஒருவர் போய் அதைப் பார்த்துவிட்டு வர வேண்டும். கழற்றித் தரச்சொல்லிக் கேட்காதீர்கள். சோறு போடுவார்கள், மீன் குழம்பு நன்றாக இருக்கும்.

நான் அன்று கையோடு கொண்டுபோன கண்ணாடி என் மேஜைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருக்கிறது, பழைய துணி சுற்றி. எடுத்து வேறு எந்தப் படத்துக்கும் போட்டுவிடாதீர்கள். என்றைக்காவது யாராவது ஒரு பெட்டியோடு வந்து, கண்ணாடிக்குக் கண்ணாடி கொடு என்று கேட்பார்கள்.